காதும் கேட்கட்டும்!

செம்பனை ஆலையில் இருபது வருஷம் உழைத்தவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டு தடவை கத்தினால்தான் திரும்புவார். "செவிட்டுத் தாத்தா" என்று பிள்ளைகள் சிரிக்கும். ஆலை இரைச்சல் அவருக்குக் கொடுத்த கூலி அது! இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இரைச்சலால் கெட்ட காது மருந்தால் திரும்பாது. கருவி வைத்தால் பேச்சு விளங்கும். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குறும்பி அடைத்திருந்தால், எடுத்தாலே கேட்கும். இல்லையேல் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். அங்கே சத்தம் புகாத அறையில் சோதித்து, தேவையானால் காதுக்கு அச்செடுத்து, உங்கள் செவிக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்வார்கள். அடுத்தவர் கருவியை இரவல் வாங்கி மாட்டாதீர்கள். அடுத்தவர் மூக்குக்கண்ணாடி நமக்கு உதவுமா?

முதலில் தட்டு விழுந்தாலும் இடி விழுந்ததுபோல் இருக்கும். "சனியன்" என்று அலமாரியில் போட்டுவிடக் கூடாது. தினமும் கொஞ்ச நேரம் போட்டு வந்தால் சில வாரங்களில் பழகிவிடும்.

தொழிலாளர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 8 மணி நேர வேலையில் சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டினால், முதலாளி காதுக் கவசம் கொடுக்க வேண்டும். வருஷந்தோறும் காதைச் சோதிக்கவும் வேண்டும். வேலை இரைச்சலால் வந்த செவிட்டுத்தன்மை சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சோதனைத் தாளைப் பத்திரமாக வைத்து மனுச் செய்யுங்கள்.

காதும் கேட்கட்டும், உரிமையையும் கேட்போம்!