குடும்பத்தோடு வெளிநாடு: விசா கிடைச்சா மட்டும் போதுமா?

சின்னசேலம் பக்கத்தில் இருக்கும் நைனார்பாளையம் மாதிரியான ஊர்களில் வெளிநாட்டு வேலை புது விஷயமே இல்லை. மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியும் கைகொடுக்காத வருஷங்களில் சிங்கப்பூர், துபாய், சவுதி என்று வீட்டுக்கு ஒருத்தர் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, இந்த மாநிலத்தில் இருந்து வெளிநாடு போனவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. அதில் முதல் இடம் சிங்கப்பூருக்கு.

முன்பெல்லாம் கணவர் மட்டும் போவார். மனைவி, பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். இப்போது படித்த தலைமுறை "போனா எல்லாரும் சேர்ந்தே போவோம்" என்கிறது. இந்த ஆசை நியாயமானது. ஆனால் ஒருவர் போவதற்கும் ஒரு குடும்பம் போவதற்கும் விதிகள் வேறு, செலவு வேறு, மனசு படும் பாடும் வேறு. ஏஜென்ட் ஆபீஸில் இதைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை.

யார் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகலாம்?

இதை முடிவு செய்வது சம்பளமும் விசா வகையும்தான்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளர் மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்து வர முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருந்து, மாத நிலையான சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால்தான் முடியும். அப்பா, அம்மாவையும் நீண்டகால அனுமதியில் அழைக்க வேண்டும் என்றால் சம்பள வரம்பு 12,000 டாலர்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். கம்பெனியே தங்குமிடம் கொடுத்தால் 3,000 திர்ஹம் போதும். இது விசா வாங்கத் தேவையான சம்பளம் மட்டுமே. அதே சம்பளத்தில் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டி வாழ முடியுமா என்பது தனிக் கணக்கு.

பிரிட்டன் கதவைப் பாதி சாத்திவிட்டது. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மாணவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. 2024 மார்ச் 11 முதல், புதிதாக விண்ணப்பிக்கும் முதியோர் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் இதே தடை. "முதல்ல நீங்க போங்க, ஆறு மாசத்துல ஃபேமிலியைக் கூப்பிட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால், எந்த விசாவில், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்பது நல்லது.

செலவுக் கணக்கை எப்படிப் போடுவது?

சம்பளத்தை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்ததும் கண்ணில் படுவது பெரிய எண். அந்த நாட்டுச் செலவை அந்த நாட்டுப் பணத்திலேயே கழித்தால்தான் நிஜம் தெரியும்.

உதாரணத்துக்கு சவுதி. அங்கே வேலை செய்யும் வெளிநாட்டவர், உடன் இருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதக் கட்டணம் கட்ட வேண்டும். 2017 ஜூலையில் தலைக்கு 100 ரியாலாகத் தொடங்கி, 2020-ல் 400 ரியாலானது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200, வருஷத்துக்கு 14,400 ரியால். இத்தனைக்கும் வாடகையும் ஸ்கூலும் இன்னும் கணக்கில் வரவில்லை. 2,500 ரியால் சம்பளக்காரருக்கு இது வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி.

பிரிட்டனில் விசா கட்டணத்தோடு சுகாதார மேல்வரியும் உண்டு. பெரியவர்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, குழந்தைகளுக்கு 776 பவுண்டு. நான்கு பேர் குடும்பம் மூன்று வருஷ விசாவுக்கு 10,866 பவுண்டை முன்கூட்டியே கட்ட வேண்டும். நம் பணத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல். மருத்துவ, பராமரிப்பு விசாக்காரர்களுக்கு மட்டும் இதில் விலக்கு.

கூடப் போகிறவரின் வேலை என்ன ஆகும்?

பல வீடுகளில் சண்டை தொடங்கும் இடம் இதுதான். பி.இ., நர்சிங், பி.எட். முடித்து ஊரில் சம்பாதித்துக்கொண்டிருந்த மனைவி, அங்கே போனதும் விசாவில் "சார்ந்திருப்பவர்" ஆகிறார். சில வீடுகளில் கணவருக்கும் இதே நிலைமை.

சிங்கப்பூரில் 2021 மே முதல், சார்ந்தோர் அனுமதியில் இருப்பவர் வேலை பார்க்கத் தனியாக ஒர்க் பாஸ் வாங்க வேண்டும். கனடா 2025 ஜனவரி 21 முதல் துணைவருக்கான திறந்த வேலை அனுமதியைக் குறிப்பிட்ட உயர்திறன் பணிகளுக்கும் சில படிப்புகளுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. அமெரிக்காவில் ஹெச்-4 விசாக்காரர் வேலை பார்க்க முடிவது, பெரும்பாலும் துணைவரின் கிரீன் கார்டு நடைமுறை ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகுதான்.

ஊரில் சொந்தச் சம்பளம், சொந்த ஸ்கூட்டி, பக்கத்துத் தெருவில் அம்மா என்று இருந்தவர், மதியம் பேசக்கூட ஆள் இல்லாத ஃபிளாட்டில் உட்கார்ந்திருப்பார். கணவர் ஆபீஸில் புது நட்புகளோடு நகர்ந்துவிடுவார். "உனக்கென்ன, வீட்ல சும்மாதான இருக்க" என்ற ஒரு வார்த்தை போதும், மனசு உடைய. கிளம்பும் முன்பே இதை வாய்விட்டுப் பேசுவதும், ஊரில் தனிப்பெயரில் ஒரு வங்கிக் கணக்கை வைத்திருப்பதும், ஆன்லைன் படிப்பையோ தேர்வையோ திட்டமிடுவதும் அவசியம். பாஸ்போர்ட்டும் விசா நகலும் அவரவர் கையிலேயே இருக்கட்டும்.

எந்தப் பேப்பரில் சிக்கல் வரும்?

முதலாவது, பெயர். நம்மூரில் ஒரே பெயர், அதற்கு முன்னால் ஒரு இனிஷியல். ஆனால் அமீரகம் 2022 நவம்பர் முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை. இனிஷியலை விரித்து எழுதி, எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வது முதல் வேலை.

இரண்டாவது, திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். பத்திரிகையும் கல்யாண ஆல்பமும் தூதரகத்தில் செல்லாது. அந்தச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். அமீரகம் போன்ற நாடுகளுக்கு அவர்களின் தூதரக முத்திரையும் கூடுதலாக வேண்டும்.

மூன்றாவது, பிறப்புச் சான்றிதழ். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு, பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம்.

பிள்ளைகள் எதை விட்டுப் போகிறார்கள்?

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் தமிழ்நாட்டுப் பள்ளிப் படிப்போடு பிணைக்கப்பட்டவை. எட்டாம் வகுப்பில் மகளை துபாய்க்கு அழைத்துப் போய், "சரிப்பட்டு வரலை" என்று பத்தாம் வகுப்பில் திரும்பினால், அந்த ஒதுக்கீட்டுக் கதவு மூடிவிடும்.

மொழி இன்னொன்று. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம். மலேசியாவில் தமிழ் தொடக்கப்பள்ளிகளே இருக்கின்றன. மற்ற இடங்களில் வீட்டுப் பேச்சும், வார இறுதி வகுப்பும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும்தான் துணை. பேரன் பேசுவது தாத்தாவுக்குப் புரியாமல் போகும் நாள் திடீரென்று வருவதில்லை. ஒவ்வொரு வீடியோ காலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

அமெரிக்கக் கனவில் வேறொரு வயதுக் கணக்கும் உண்டு. கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்கு மிக நீளம். அது வருவதற்குள் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், பெற்றோரின் விசாவைச் சார்ந்து அங்கே இருக்க முடியாது.

நிலமும் பெரியவங்களும்?

பயணச் செலவுக்கு முதலில் விலை பேசப்படுவது நிலம்தான். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதைப் பெறலாம். "இப்ப ரெண்டு ஏக்கரை வித்துட்டுப் போவோம், அங்க சம்பாதிச்சு நாலு ஏக்கரா வாங்கிக்கலாம்" என்ற திட்டம் அங்கே இருக்கும்வரை சட்டப்படி நடக்காது.

நிலத்தைப் பார்த்துக்கொள்ள அண்ணனுக்கோ மாமாவுக்கோ பவர் கொடுப்பதை, ஊரில் இருக்கும்போதே தெளிவான வரம்புகளோடு பதிவு செய்வது நல்லது. வெளிநாட்டில் எழுதினால், அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

அப்பா, அம்மா விஷயத்தில் பணம் அனுப்புவது பாதி வேலைதான். நெஞ்சுவலி வந்தால் ராத்திரி யார் கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ வண்டி எடுப்பார் என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி அல்லது தங்கை தலையில் விழுகிறது. அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, செலவைப் பகிர்ந்துகொள்வதுதான் முறை.

வேலை போனால்?

ஒருவரின் விசாவில் நான்கு பேர் நிற்கும்போது, ஒரு டெர்மினேஷன் கடிதம் நான்கு பேரையும் அசைக்கும். அமெரிக்காவில் ஹெச்-1பி விசாக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வளைகுடா நாடுகளிலும் அவகாசம் குறுகியதே. பள்ளி ஆண்டின் நடுவில் இது நடந்தால் பிள்ளைகளின் படிப்பும் அந்தரத்தில் தொங்கும். ஆறு மாதச் செலவும், நான்கு பேருக்கான திரும்பும் டிக்கெட் பணமும் கையில் இருந்த பிறகே குடும்பத்தை அழைப்பது பாதுகாப்பு. முதல் வருஷம் ஒருவர் மட்டும் போய் வேலை, வீடு, பள்ளி மூன்றையும் பார்த்துவிட்டு அழைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அரசு என்ன செய்யணும்?

பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம் என்று விதி இருக்கிறது. முகவர் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடும் உண்டு. மாநிலத்தில் அயலகத் தமிழர் நலத்துறையும், அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கின்றன.

இவை எல்லாம் வேலைக்குப் போகும் ஒருவரை மனதில் வைத்து உருவானவை. பயணத்துக்கு முந்தைய பயிற்சியும் அப்படித்தான். கூடப் போகும் மனைவிக்கும் பள்ளி மாறும் பிள்ளைக்கும் ஊரில் தங்கும் பெற்றோருக்கும் அதில் இடமில்லை.

2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கலெக்டர் அலுவலகத்திலேயே மாதம் ஒரு நாள் குடும்பங்களுக்கான வழிகாட்டல் முகாம் நடத்தலாம். விசா வகையைச் சரிபார்ப்பது, சான்றிதழ் முத்திரை, பள்ளி மாற்றம், பவர் பத்திரம் ஆகியவற்றை ஒரே மேஜையில் விளக்கினால் போதும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் துறைகள் ஒரு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நடந்துவிடும்.

அதுவரை கிளம்பத் தயாராகும் குடும்பங்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதிப் பார்க்கட்டும். அங்கே போய் ஒவ்வொருவரும் என்ன செய்வோம்? இங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்? திரும்பி வர வேண்டியிருந்தால் எதற்குத் திரும்புவோம்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், பணம் கட்டுவதைத் தள்ளிப்போடலாம்.