சதுரங்கம் மலிவான விளையாட்டா?



"செஸ்ஸுக்கு என்ன சார் செலவு? ஒரு அட்டை, 32 காய், அவ்வளவுதானே!" என்று பலரும் சொல்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் ஆடும்வரை அது சரிதான். போட்டிக்குப் போனால் கணக்கே வேறு.

கபடியிலோ கேரத்திலோ தோற்றால் அன்று மாலையே ஊர் திரும்பிவிடலாம். செஸ் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கின்றன. தோற்றாலும் கடைசிச் சுற்றுவரை ஆட வேண்டும். பிள்ளைக்கு நல்ல அனுபவம்தான். ஆனால் ஒன்பது சுற்றென்றால் ஐந்து நாள் வெளியூரில் தங்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் பழக்கம் போகுமா? போட்டுப் பார்ப்போம். தென் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து ஒரு சிறுமி தன் அம்மாவோடு சென்னைக்கு ரேட்டிங் போட்டிக்குப் போகிறாள். நுழைவுக் கட்டணம் 2,000 ரூபாய். போக வர இருவருக்கும் 1,600. நான்கு இரவு அறை வாடகை 4,000. ஐந்து நாள் சாப்பாடு 2,500. மொத்தம் 10,100. அம்மா கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் ஐந்து நாள் சம்பளமும் போச்சு. பல போட்டிகளுக்கு அட்டையும் கடிகாரமும் நாமே கொண்டுபோக வேண்டும். அது தனிச் செலவு.

ஒரு முறையோடு முடியாமலும் போகலாம். ஃபிடே ரேட்டிங் பட்டியலில் பெயர் வர, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து 1400-க்குக் கீழே வந்தால் பட்டியலில் இடமில்லை. ஆக, ஒன்றுக்கு மேற்பட்ட போட்டிகள் தேவைப்படலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பல ஓபன் போட்டிகளில் கிராண்ட் மாஸ்டர்களுக்குக் கட்டணம் கிடையாது. பரிசுப் பணத்தில் பெரும்பகுதி, பரிசே வாங்காத நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கட்டிய பணம்தான். பெரிய ஆட்டக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களோடு ஆடக் கிடைப்பதே பிள்ளைகளுக்குப் பாடம். ஆனால் அவர்களுக்கு விலக்கு தர முடிகிறபோது, ஒவ்வொரு போட்டியிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கும் தர முடியாதா?

"ஆன்லைனில் இலவசமாக ஆடலாமே" என்று என் தங்கை மகன் கேட்டான். பயிற்சிக்கு நல்லதுதான். ஆனால் எதிரே ஆள் உட்கார்ந்திருக்க, நான்கு மணி நேரம் பொறுமையாக யோசித்து ஆடும் பழக்கம் போனில் வராது. அதற்கான ரேட்டிங்கும் அங்கே கிடைக்காது.

2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது பூரித்தோம். 2024-இல் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது இனிப்பு கொடுத்தோம். மருத்துவரான அவருடைய அப்பா, தம் தொழிலை ஒதுக்கிவைத்து மகனோடு ஊர் ஊராகப் போனதையும் செய்தியில் படித்தோம். எல்லா அப்பாக்களாலும் அது முடியுமா? திறமை எந்தத் தெருவிலும் பிறக்கும். ரயில் ஏறுவதற்குத்தான் பணம் வேண்டியிருக்கிறது.

சென்னை, கோவை, திருச்சியில் வீடு வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். மேலே போட்ட கணக்கில் பெரிய தொகை அறை வாடகைதான். வருடத்தில் ஒரே ஒரு முறை, நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைக்கும் அதன் அம்மாவுக்கும் நான்கு இரவு உங்கள் வீட்டில் இடம் கொடுங்கள். காலையில் நான்கு இட்லி போதும். பள்ளி விழாவில் கேடயம் வாங்கித் தருவதைவிட அது பெரிய உதவி.

முடிந்தவர்கள் கீழே "நான் தயார்" என்று எழுதுங்கள். ஊரில் ஆடும் பிள்ளைகளின் ஆசிரியர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன்.