சிபாரிசுக் கடிதமும் அறிமுகமும்

இறுதியாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் பங்கு இல்லத்தின் வாயிலில் பெற்றோர் வரவு மிகும். “சாமி, பையனுக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க” என்பதே வேண்டுகோள். நாமும் பல்லாண்டுகளாக எழுதிக் கொடுத்து வருகிறோம். அவற்றால் வேலை பெற்றோரை எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே மிகுதி.

அண்மையில் கே.கே. நகரில் வசிக்கும் இளைஞர் ஒருவர் வந்தார். வணிகவியல் இறுதியாண்டு, தந்தை மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் சுமை தூக்குபவர், குடும்பத்தில் முதற் பட்டதாரி. “எங்களுக்கு யாரையும் தெரியாது, சாமி” என்றார். அச்சொல் நம்மைத் தைத்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சித்தப்பா ஒருவர் வங்கியில் இருப்பார். இவருக்கோ மதிப்பெண் பட்டியலே துணை.

ஆயினும், நெருங்கிய உறவுதான் வேலை தேடித் தருகிறதா? அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை வேறுவிதமாகக் கூறுகிறது. தெரிந்தவர் வழியாக வேலை பெற்றோரை அவர் விசாரித்தார். செய்தி தந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தோர் நூற்றுக்குப் பதினேழு பேரே; ஏனையோர் எப்போதாவது, அல்லது அரிதாகவே சந்தித்தவர்கள். காரணம் எளிது. நம் வீட்டார் அறிந்தது நமக்கும் தெரிந்ததே. புதுச் செய்தி அடுத்த தெருவிலிருந்துதான் வரவேண்டும். லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை வைத்து நடத்தி, 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வும், ஓரளவு பழக்கமுள்ளவர்களே மிகவும் பயன்படுகிறார்கள் என்று கண்டது.

எனவே கடிதம் எழுதாமல், அந்த இளைஞரிடம் ஒரு தாளைக் கொடுத்துத் தெரிந்தவர் பெயர்களை எழுதச் சொன்னோம். முதலில் பேனா அசையவில்லை. பிறகு கல்லூரியில் மூத்த மாணவர் இருவர், தந்தை மூட்டை இறக்கும் கடையின் கணக்கர் என்று பதினொரு பெயர்கள் வந்தன.

“வேலை கேட்காதீர், உம் தொழில் எப்படி நடக்கிறது என்று கேளும். கால் மணி நேரத்துக்கு மேல் இராதீர். மறுநாள் நன்றி சொல்லும்” என்று அனுப்பினோம். கணக்கர், டாலியும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலும் கற்றாயா என்று கேட்டாராம். கல்லூரியில் பாடமாகப் படித்ததுண்டு; கையால் செய்து பழகியதில்லை. அவரே ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு அறிமுகம் செய்தார். இளைஞர் இப்போது மாலைதோறும் அங்கே கற்று வருகிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் எந்த அலுவலகத்தில் ஆள் தேவை என்னும் செய்தி இப்போது அவர் காதில் விழுகிறது.

ஒன்றைப் பெற்றோரிடம் கேட்கிறோம். மகன் தேநீர்க் கடையில் நின்றே நாலு பேரைப் பழகிக்கொள்கிறான். மகளை மட்டும் அந்நியரிடம் பேசாதே என்று அடக்குகிறோமே, அவளுக்கு அறிமுகம் எங்கிருந்து வரும்? பாத்திமா கல்லூரி 1953 முதல் பெண்களைப் பட்டதாரிகளாக்கி வருகிறது. அங்கே பயின்ற அக்காமார் நம் தெருக்களிலும் இருப்பார்கள். பயமாயிருந்தால் முதல்முறை தாயும் உடன் செல்லலாம். வாசல் வரை போதும், பேச வேண்டியவள் மகள்.

அந்த இளைஞரின் தாளில் இன்னும் எட்டுப் பேர் மீதியிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை ஒருவரைப் பார்க்கப் போகிறாராம்.