காணாமல் போன பேனலுக்கு ரீ இன்ஸ்டால் எதற்கு?

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ்களை வடிவமைத்துத் தருகிறார். ஒரு நாள் மாலை போன் செய்தார். "சார், போட்டோஷாப்ல லேயர்ஸே காணோம். காலையில பிரஸ்ஸுக்கு பைல் கொடுக்கணும். கடைக்காரர் ரீ இன்ஸ்டால் பண்ணணும்னு சொல்றார்" என்றார். போய்ப் பார்த்தேன். பைல் பத்திரமாக இருந்தது. லேயர்களும் அப்படியே இருந்தன. லேயர்ஸ் பேனல் மட்டும் மூடப்பட்டிருந்தது. எப் 7 கீயை அழுத்தியதும் வந்துவிட்டது. இதற்கு முன் ஒருமுறை இதே சிக்கலுக்கு ரீ இன்ஸ்டால் செய்ததில், அவர் சேர்த்து வைத்திருந்த பிரஷ்கள் எல்லாம் போய்விட்டனவாம். கட்டணம் வேறு.

டிசைன் புரோகிராம்களைக் கற்றுத் தருபவர்கள் செலக்ஷன், லேயர், பில்டர் என்று நேராகப் போய்விடுகிறார்கள். திரையில் பேனல்கள் அமைந்திருக்கும் விதத்திற்கு ஒர்க்ஸ்பேஸ் என்று பெயர், அதைச் சேமித்து வைக்கலாம், கலைந்தால் திரும்பக் கொண்டு வரலாம் என்பதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

போட்டோஷாப்பில் ஒர்க்ஸ்பேஸைச் சேமிக்கும் வசதி 2002ல் வந்த 7.0 பதிப்பிலேயே தரப்பட்டது. 2010ல் வந்த சிஎஸ்5 முதல், நாம் பேனல்களை நகர்த்துவதையும் மூடுவதையும் புரோகிராம் தானாகவே நினைவில் வைத்துக் கொள்கிறது. இதை வசதி என்பார்கள். எனக்கு முழு உடன்பாடு இல்லை. தெரியாமல் கை பட்டு மூடியதையும் அல்லவா அது நினைவில் வைக்கிறது! எந்தக் கோளாறு என்றாலும் மூடித் திறந்து பார் என்றுதான் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். இங்கே அந்த மருந்து பலிக்காது. மூடித் திறந்தாலும் பேனல் வராது. உடனே புரோகிராமே கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்கு ஓடுகிறார்கள்.

எல்லா பேனல்களும் ஒரேயடியாக மறைந்திருந்தால் டேப் கீ அழுத்தப்பட்டிருக்கலாம். மீண்டும் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும். வரவில்லை என்றால் விண்டோ மெனுவில் ஒர்க்ஸ்பேஸ் பிரிவுக்குச் சென்று, அங்குள்ள ரீசெட் கட்டளையைக் கிளிக் செய்திடவும். உங்கள் படத்திற்கு இதனால் எதுவும் ஆகாது.

அடுத்து, உங்களுக்குத் தேவையானபடி பேனல்களை அடுக்கிக் கொண்டு, அதே பிரிவில் நியூ ஒர்க்ஸ்பேஸ் தேர்ந்தெடுத்து ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்திடவும். கீபோர்டு ஷார்ட்கட், மெனு ஆகியவற்றில் செய்த மாற்றங்களும் சேர வேண்டும் என்றால் அவற்றிற்கான கட்டங்களில் டிக் அடையாளம் இருக்க வேண்டும். ஒன்று கவனிக்கவும். ரீசெட் செய்தால், நீங்கள் கடைசியாக சேவ் செய்த அமைப்புதான் வரும். நேற்று பார்த்த அமைப்பு அல்ல. எனவே மாற்றம் பிடித்திருந்தால் அதே பெயரில் மீண்டும் சேவ் செய்து கொள்ள வேண்டும். இது தெரியாமல் நானே இரண்டு முறை அடுக்கியதைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

விண்டோஸில் இந்த அமைப்புகள் சிறிய பைல்களாக ஆப் டேட்டா என்ற மறைந்திருக்கும் போல்டரில், ரோமிங், அடோப் என்று உள்ளே சென்றால் வரும் போட்டோஷாப் செட்டிங்ஸ் போல்டரில் இருக்கும். அங்கே ஒர்க்ஸ்பேஸஸ் என்ற போல்டரை பென் டிரைவில் காப்பி செய்து வைக்கவும். பக்கத்திலேயே மாடிபைடு என்ற சொல்லுடன் இன்னொன்று இருக்கும். நீங்கள் சேவ் செய்யாத மாற்றங்கள் அதில் உள்ளவை.

கோரல் ட்ரா பயன்படுத்துபவர்கள் எப் 8 கீயை அழுத்தியபடி புரோகிராமைத் திறந்தால் பழைய அமைப்பு வரும். ஆனால் உங்கள் சொந்த மாற்றங்கள் போய்விடும் என்பதால் ஒர்க்ஸ்பேஸை முன்பே எக்ஸ்போர்ட் செய்து வைத்திருப்பது நல்லது. ஜிம்ப்பில் பிரிபரன்சஸ் பகுதியில், விண்டோ மேனேஜ்மென்ட் என்பதன் கீழ் ரீசெட் பட்டன் உண்டு.

அந்தப் பெண்மணியின் கம்ப்யூட்டரில் இப்போது 'அழைப்பிதழ்' என்று ஓர் ஒர்க்ஸ்பேஸ் இருக்கிறது. அதே கம்ப்யூட்டரில் படம் வரையும் அவர் மகன் தனக்கென்று வேறொன்று வைத்துக் கொண்டான். பிரஷ்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக் கொண்டிருக்கிறார்.