பீப்பாய் காத்திருக்காது!

திருவிழா என்றால் நமக்குத் தேர் தெரியும். தெப்பம் தெரியும். பீர் திருவிழா தெரியுமா?

இங்கிலாந்தில் அது உண்டு. கோடை பிறந்தால் பல ஊர்களில் நடக்கும்.

"குடிப்பதற்கு ஒரு திருவிழாவா?" என்று தாய்மார்கள் முகம் சுளிக்கலாம். அதில் நியாயம் உண்டு. குடியால் கண்ணீர் விட்ட வீடுகள் அங்கும் உண்டு, எங்கும் உண்டு. ஆனால் இங்கே சொல்ல வந்த சங்கதி வேறு. ஒரு சிறிய கடை பிழைப்பதா, மூடுவதா என்ற சங்கதி இது.

பொது வீடு

இங்கிலாந்துக் கிராமங்களில் "பப்" என்று ஒரு கடை இருக்கும். "பப்ளிக் ஹவுஸ்" என்பதன் சுருக்கம் அது. பொது வீடு என்று பொருள். அங்கே பீர் விற்பார்கள். பல கடைகளில் சாப்பாடும் கிடைக்கும். ஊர்ப் பேச்செல்லாம் அங்கேதான். கலியாணச் செய்தியும் அங்கே வரும். சாவுச் செய்தியும் அங்கே வரும்.

இந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. பெரிய அங்காடிகளில் பீர் மலிவு. வாங்கிப் போய் வீட்டிலேயே குடிக்கிறார்கள். கடைக்காரருக்கோ வாடகையும் மின்சாரச் செலவும் ஏறிவிட்டன.

யார்க்‌ஷயரில் ஹட்ஸ்வெல் என்று ஒரு சிறிய ஊர். அங்கே இருந்த ஒரே பப் 2008-ல் மூடப்பட்டது. ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. பங்குப் பணம் போட்டுக் கடையை வாங்கினார்கள். 2010-ல் திறந்தார்கள். கடைக்குள்ளேயே சிறு நூல்நிலையமும் வைத்தார்கள். 2016-ஆம் ஆண்டின் சிறந்த பப் என்று நாடு முழுவதற்குமான பரிசு அதற்குக் கிடைத்தது!

எல்லா ஊரும் அப்படிச் செய்ய முடியாது. "வருஷத்தில் இரண்டு நாள் திருவிழா வைத்தால் கூட்டம் வரும்" என்று கடைக்காரர் எண்ணுகிறார். எண்ணம் நல்லதுதான். கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள்.

உயிருள்ள பீர்

இந்தத் திருவிழாக்களின் தொடக்கத்தைக் கேளுங்கள். 1960-களில் பெரிய கம்பெனிகள் பீரை வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றி விற்றன. எந்த ஊரில் குடித்தாலும் ஒரே ருசி! பழைய பீர் அழியும் நிலை வந்தது. 1971-ல் நான்கு இளைஞர்கள் கூடி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். "காம்ரா" என்று அதற்குப் பெயர். 1974-ல் கேம்பிரிட்ஜ் நகரில் பீர் திருவிழா நடந்தது. 1977-ல் லண்டனில் நாட்டுக்கே பொதுவான பெரிய விழா நடந்தது. அதன் பிறகு சிறிய கடைகளும் துணிந்தன.

இந்தப் பழைய பீர் பீப்பாய்க்குள்ளும் நுரைத்துக்கொண்டே இருக்கும். நம் வீட்டு இட்லி மாவு போல. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர் போல ஒன்று இதிலும் வேலை செய்கிறது.

பீப்பாய் வந்ததும் தாங்கியில் படுக்க வைக்க வேண்டும். மேல்துளையில் மெல்லிய மர முளை அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் வாயு அதன் வழியாக மெல்ல வெளியேறும். ஒரு நாளாவது அசைக்காமல் விட வேண்டும். வண்டல் அடியில் தங்கும். வண்டல் சீக்கிரம் தங்குவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். (சைவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!) பிறகுதான் குழாய் அடிக்க வேண்டும். பீர் 11 முதல் 13 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் பீப்பாய்மேல் ஈரச்சாக்கும் பனிக்கட்டியும் போடுகிறார்கள்.

திறந்த பீப்பாய் மூன்று நாள்தான் நன்றாக இருக்கும். அப்புறம் புளித்துவிடும். சாக்கடையில்தான் கொட்ட வேண்டும்.

கணக்கு என்ன?

ஒரு சிறு பீப்பாயில் 9 காலன் பிடிக்கும். 72 பைண்ட். அதாவது சுமார் 41 லிட்டர்.

ஆர்வக் கோளாறில் கடைக்காரர் 20 பீப்பாய்க்குச் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,440 பைண்ட்! 200 பேர் வந்து ஆளுக்கு மூன்று பைண்ட் குடித்தாலும் 600-தான் போகும். அதற்கு ஒன்பது பீப்பாயே போதும். மீதி 11 பீப்பாயின் பணம்? மழை பெய்தால் அந்த 200 பேரும் வரமாட்டார்கள். இங்கிலாந்தில் கோடை மழைக்கு நாள் நட்சத்திரம் கிடையாது.

ஆகவே முதல் விழாவுக்கு எட்டுப் பீப்பாய்க்கு மேல் வேண்டாம் என்பது நம் கருத்து. அதிலும் இரண்டைத் திறக்காமல் வைக்க வேண்டும். விழாவில் தேவைப்படாவிட்டால் அடுத்த வாரம் கடையில் விற்கலாம். "இத்தனை ரகமா!" என்ற பெயர் வராதுதான். கடை கடனில் மூழ்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல கடைகள் கம்பெனிக்குச் சொந்தம். கடைக்காரர் குத்தகைதாரர்தான். கம்பெனி தரும் பீரைத்தான் விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். பக்கத்து ஊர்ச் சிறு ஆலையின் பீரை வைக்க வேண்டுமானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் வைத்தால் குத்தகைக்கே ஆபத்து!

உரிமத்தில் சேராத பக்கத்து மைதானத்தில் கூடாரம் போட்டால், 10 வேலை நாளைக்கு முன்பே நகர மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடக் கூடாது. போதை ஏறியவருக்கு மேலும் விற்பது குற்றம். குடிதண்ணீர் கேட்டால் காசு வாங்காமல் தர வேண்டும்.

இந்தக் கடைசிச் சட்டம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தண்ணீர்க் குடத்தை மூலையில் ஒளித்து வைக்காமல் வாசலிலேயே வைக்கலாம். கார் ஓட்டி வந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பழரசம், சாப்பாடு, பாட்டு இருந்தால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பீர் குடிக்காதவர் வாங்கும் இறைச்சிப் பணியாரத்திலும் கடைக்கு லாபம் உண்டு அல்லவா?

கிளாஸ் கழுவவும் மேசை துடைக்கவும் ஊர்க்காரர்களே வருவது வழக்கம். கூலி ஒரு வேளைச் சாப்பாடும் இரண்டு கிளாஸ் பீரும்தான். யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தாலே ஊரில் கடைக்கு எத்தனை நண்பர்கள் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் காலிப் பீப்பாய்களின் துளைகளைத் தக்கை அடித்து மூட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி நுழையும். ஆலை வண்டி வந்து ஏற்றிப் போகும். கடைக்காரர் அப்புறம்தான் உட்கார்ந்து பணப் பெட்டியைத் திறப்பார்.