பாட்டி பேர் என்னன்னு கேட்டா ஏன் முழிக்கிறோம்?

 

மகாளய அமாவாசை வருது. தர்ப்பணத்துக்குப் பேர் எழுதிக் கொடுக்குற சீட்டை வாங்கி அடுக்குற வேலை எங்க தொண்டூழியர் குழுவுக்கு. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரை மளமளன்னு எழுதிடுறாங்க. அம்மா பேரும் எழுதிடுறாங்க. பாட்டின்னு இருக்குற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்னுடுது. "ஆத்தான்னுதான் கூப்பிடுவோம்", "எல்லாரும் பெரியவீட்டு அம்மான்னு சொல்வாங்க" அப்படின்னு தலையச் சொறியுறாங்க. அடுத்தவங்களைக் குறை சொல்ல வரல. போன வருஷம் எங்க சீட்டுலயும் அந்தக் கட்டம் காலிதான்.

பேர் தெரியலைன்னா அதுக்கும் ஒரு வழி இருக்குன்னு ஐயர் சொல்லுவார். சாமிக்குத் தெரியாதான்னு சிலர் கேக்குறாங்க. சாமிக்குத் தெரியும், சரி. நமக்கு ஏன் தெரியல?

தேக்கம்பட்டி பாப்பம்மாளை நிறைய பேர் வாட்ஸப்ல பாத்திருப்பீங்க. கோயம்புத்தூர் மாவட்டம், மேட்டுப்பாளையம் பக்கம். 2021-ல பத்மஸ்ரீ கொடுத்தப்ப அவங்களுக்கு வயசு 105ன்னு பத்திரிகையில போட்டாங்க. சின்ன வயசுலயே அப்பா அம்மாவ இழந்து, பாட்டி வளர்த்த புள்ளை. தேக்கம்பட்டியில மளிகைக்கடை நடத்தி, அந்த லாபத்துல கொஞ்சம் கொஞ்சமா சேத்து 10 ஏக்கர் வரைக்கும் நிலம் வாங்கினாங்க. கடைசி காலத்துல கையில இருந்தது ரெண்டரை ஏக்கர்தான், அதுலயும் ரசாயன உரம் போடாம வெள்ளாமை பண்ணாங்க. காரமடை ஒன்றியத்துல கவுன்சிலராவும் இருந்தாங்க. எந்தக் கட்சிங்குறது நமக்கு வேண்டாம், நூறு வயசு தாண்டியும் காலையில எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போன மனுஷி. 2024 செப்டம்பர் 27-ல தவறிட்டாங்க. அதுவும் மகாளய பட்ச நாள்தான், அடுத்த அஞ்சாம் நாள் அமாவாசை.

இதுல எங்க மனசுல தச்சது வேற ஒண்ணு. அவங்க சொந்தப் பேர் ரங்கம்மாள். பாப்பம்மாள்ங்குறது கூப்பிடுற பேர். அதை யாரோ ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதினதாலதான் இன்னைக்கு சிங்கப்பூர்ல இருக்குற நமக்குத் தெரியுது.

"அவங்க விருது வாங்கினவங்க, நம்ம பாட்டி சும்மா வீட்லதானே இருந்தாங்க"ன்னு ஒரு தம்பி சொன்னார். சும்மாவா?

எங்க தாத்தா யுத்தம் முடிஞ்ச பிறகு ரஜூலா கப்பல்ல இங்க வந்து துறைமுகத்துல மூட்டை தூக்கினாங்க. பின்னாடி எங்க அப்பாவையும் கூட்டிக்கிட்டாங்க. மன்னார்குடி பக்கம் ஊர்ல அப்பாயி ஒத்தையா நின்னு ரெண்டு மா நிலத்தப் பாத்தாங்க. நாத்து பறிச்சு, நடவு நட்டு, களை எடுத்து, வாய்க்கால்ல முறைத்தண்ணிக்கு ராத்திரி கண்முழிச்சு, மாடு கன்னு ஈனுனா அதையும் பாத்து. மணியார்டர் வராத மாசத்துல தண்டட்டிய அடகு வச்சாங்களாம். பட்டாவுல தாத்தா பேர், மணியார்டர் தாள்ல தாத்தா பேர், வீட்டுல மாட்டுன போட்டோவும் தாத்தாவுதுதான். சிங்கப்பூர் சம்பாத்தியத்துல குடும்பம் நிமிந்துச்சுன்னு பெருமையா சொல்றோம். இங்க வந்தவங்க கவலையில்லாம வேலை பாக்குறதுக்கு அங்க ஒருத்தி வயல்ல குனிஞ்சிருந்தா.

பொங்கலுக்கு கேம்பல் லேன்ல மாடு கட்டி வச்சா நம்ம பேரப்புள்ளைங்க வரிசையில நின்னு போட்டோ எடுக்குதுங்க. நல்லதுதான். அந்த மாட்டக் காட்டி, "உன் பாட்டிக்குப் பாட்டி இதுல பால் கறந்தா, அவ பேர் இது"ன்னு சொல்ல எத்தனை பேருக்கு முடியும்? எங்க ஃபேக்டரியில ஒரு பெட்டி ஸ்க்ரூ வந்தாக்கூட லாட் நம்பர் எழுதாம உள்ள விடமாட்டோம். நம்மள வளர்த்தவங்களுக்கு அந்தக் கணக்கு கூட வைக்கல.

எங்க கருத்து இதுதான். இந்த வருஷம் பாட்டி கட்டத்தக் காலியா விட்டு யாரும் சீட்டு கொடுக்க வேண்டாம். இன்னும் நாள் இருக்கு. வீட்டுல வயசானவங்க இருந்தா இன்னைக்கே உக்காந்து கேளுங்க. ஊர்ல இருந்தா போன் போடுங்க. பேரோட எந்த ஊர்ல பொறந்தாங்க, என்ன பயிர் வச்சாங்கன்னும் கேட்டு எழுதி வச்சுக்குங்க. சீட்டு எழுதத் தெரியாதவங்களுக்கு நாங்க எழுதித் தர்றோம், சாயந்திர பூஜைக்கு அப்புறம் கவுண்டர் பக்கம்தான் இருப்போம்.

எங்க அப்பாயி பேர் ஊர்ல இருக்குற அத்தைகிட்ட கேட்டுக் கிடைச்சிருச்சு. சொல்லும்போதே அத்தை அழுதுட்டாங்க, இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லையாம். அந்தப் பேரை முதல்ல கோயில்ல சொல்லணும்னு இங்க எழுதாம வச்சிருக்கோம். அப்பாயியோட மாமியார் பேர் இன்னும் தெரியல. அத்தைக்கு 83 வயசு, சாயந்திரம் ஆனா காது சரியா கேக்காது. ஞாயித்துக்கிழமை காலையிலேயே கூப்பிடணும்.