நடுப்பொத்தானை நீக்குமுன் நம்மைக் கேட்க வேண்டும்

கண்டி நகரத்துச் சிற்றச்சகங்களிலும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை முதலிய இடங்களிலுள்ள தட்டெழுத்துக் கடைகளிலும் தமிழ் ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்போரின் தொழிலைச் சற்று நேரம் அருகிருந்து அவதானிப்பவர்களுக்கு, அவர்கள் புதிதாக எழுதுவதைக் காட்டிலும், முன்னமே எழுதப்பட்டிருப்பதை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் இடுவதே அதிகம் என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். இதற்கு விசேஷமான காரணம் ஒன்று உண்டு. இலங்கைத் தமிழ் அச்சுத்துறையில் நெடுங்காலம் கோலோச்சிய பாமினி எழுத்துருவில் அமைந்த கட்டுரையோ, கோயில் திருவிழா விஞ்ஞாபனமோ, கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே பதிந்திருக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் தருகிறது, அவ்வளவே. அதை மின்னஞ்சலில் அனுப்பவோ இணையத்தில் ஏற்றவோ வேண்டுமாயின், பழைய பிரதியில் தெரிவுசெய்து, யுனிகோடுக்கு மாற்றித்தரும் பக்கத்தில் ஒட்டி, மாறிவந்ததைத் திரும்பவும் தெரிவுசெய்து, புதிய பிரதியில் ஒட்டியாக வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு தெரிவு, இரண்டு ஒட்டல்.

இந்தத் தொழிலுக்கு லினக்ஸ் முறைமையில் நெடுநாளாக ஓர் அரிய சௌகரியம் இருந்துவருகிறது. சொற்களின்மேல் மவுஸை இழுத்துத் தெரிவுசெய்த மாத்திரத்திலேயே நகலெடுத்தல் நிறைவேறிவிடும். பின்னர் வேண்டிய இடத்தில் நடுப்பொத்தானை, அதாவது இக்காலத்து மவுஸில் சில்லாக அமைந்திருப்பதை, ஒருமுறை அழுத்தினால் அவை அங்கே வந்து விழும். விசைப்பலகை தமிழில் இருக்கிறதா, ஆங்கிலத்தில் இருக்கிறதா, சிங்களத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. அதுமட்டுமன்று: கண்ட்ரோல்-சி கொண்டு எடுத்தது ஒரு களஞ்சியத்திலும், மவுஸால் தெரிவுசெய்தது வேறொரு களஞ்சியத்திலுமாக நிற்பதனால், பெயரை ஒன்றிலும் விலாசத்தை மற்றொன்றிலும் வைத்துக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிவிடலாம். லினக்ஸ் பயன்படுத்தும் கடைகளும் பாடசாலைக் கணினிக் கூடங்களும் நம் பிரதேசத்தில் பெரும்பான்மையல்ல என்பது மெய். ஆயினும் 2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்து, புதிய கணினியும் உரிமக் கட்டணமும் சாமானியருக்கு எட்டாமற்போன பின்னர், பழைய கணினிக்கு உயிரளிக்கவல்ல இலவச முறைமையொன்றின் ஒவ்வொரு சௌகரியமும் நமக்குப் பொருட்படுத்தத்தக்கதே.

அந்தச் சௌகரியந்தான் இன்று தடுமாறுகிறது. 1984ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றி, 1987இல் பதினோராம் பதிப்பாக நிலைபெற்று, அன்றுதொட்டு யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளின் திரையை ஆண்டுவந்த எக்ஸ் சாளர முறைமையை அகற்றி, 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் என்னும் புதிய திரைமுறைமை அவ்விடத்தில் அமர்ந்துவருகிறது. எக்ஸ் முறைமையில், தெரிவுசெய்யப்பட்ட வாசகம் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. தெரிவுக்கு உரிமையுடைய செயலி, கேட்போருக்கு அதை அவ்வப்போது எடுத்துக் கொடுக்கிறது. கேட்பவர் யார், கேட்கத் தகுதியுடையவரா என்ற விசாரணை கிடையாது. திரையில் இயங்கும் எந்தச் செயலியும் மற்றொன்றில் தெரிவுசெய்யப்பட்டதை வாங்கிக்கொள்ளலாம். தட்டப்படும் விசைகளைக்கூட ஒற்றறியலாம். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் கணினியில் தட்டும் இக்காலத்தில் இது அபாயகரமானது என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. வேலண்டோ, அப்போது பயனர் எந்தச் சாளரத்தில் விசை தட்டிக்கொண்டிருக்கிறாரோ அந்தச் சாளரத்துக்கே தெரிவை அறிவிக்கிறது. நோக்கம் நியாயமானது, அதனை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்.

ஆனால் அந்நோக்கத்தை நிறைவேற்றப் புகுந்தவர்கள், வேலண்டின் மூல விதிகளில் கண்ட்ரோல்-சி களஞ்சியத்துக்கு மாத்திரம் இடம் வைத்து, நடுப்பொத்தானின் களஞ்சியத்தை விட்டுவிட்டார்கள். 2016 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா 25 என்னும் லினக்ஸ் வெளியீடு வேலண்டைத் தன் பிரதான திரைமுறைமையாக ஏற்றது. லினக்ஸின் பிரதான மேசைச்சூழல்களுள் ஒன்றான ஜினோமின் தரப்பார் தமக்கென ஒரு துணைவிதியை வகுத்துக்கொண்டு குறையை நிரப்பினர். மற்றொரு மேசைச்சூழலான கேடிஈ பிளாஸ்மாவிலோ, 2020 ஒக்டோபரில் வந்த 5.20 பதிப்பில்தான் வேலண்டின் கீழ் நடுப்பொத்தான் ஒட்டல் இயங்கத் தொடங்கியது. ஒரு முறைமை பிறந்து பன்னிரண்டு வருடங்கள் கழிந்தபின் இவ்வளவு சாதாரணமான வசதி ஒன்று அதன்கீழ் இவ்விரண்டிலும் வந்துசேர்ந்ததென்றால், அதை வகுத்தவர்கள் அன்றாடப் பிரயோகத்தை எவ்வளவு பின்னால் வைத்து எண்ணினர் என்பது விளங்கும். இன்றுங்கூட, எக்ஸ் முறைமைக்காக எழுதப்பட்ட பழைய செயலிகள் எக்ஸ்வேலண்ட் என்னும் இடைச்செயலியின் வழியாக இயங்கும்போது, ஒருபுறத்தில் தெரிவுசெய்தது மறுபுறத்துக்குச் சென்று சேராமற்போவதும், முன்னர் தெரிவுசெய்த வேறொரு வாசகம் வந்து விழுவதுமாகச் சில வேளைகளில் நேர்கிறது. நீதிமன்றத்துக்குச் செல்லும் ஒரு சத்தியக்கடதாசியில் ஒருவருடைய விலாசத்துக்குப் பதில் வேறொருவருடைய விலாசம் விழுந்து, அது கவனியாமற்போனால் விளையும் துன்பத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. 2025 ஒக்டோபரில் வந்த உபுண்டு லினக்ஸின் 25.10 பதிப்பிலிருந்து ஜினோமுக்கான பழைய எக்ஸ் அமர்வும் நீக்கப்பட்டுவிட்டபடியால், புதியது பிடிக்காவிடில் பழையதற்குத் திரும்பலாம் என்ற வழியும் அங்கே அடைபட்டது.

நடுப்பொத்தான் ஒட்டலை அடியோடு வெறுப்பவர்களும் உள்ளனர். அவர்கள் கூற்றிலும் சாரம் உண்டு. பக்கத்தை உருட்டும்போது சில்லு தற்செயலாக அழுந்தினால், எப்போதோ தெரிவுசெய்த அந்தரங்க வாசகம் அறியாமலே ஒரு கடிதத்துக்குள் புகுந்துவிடலாம். வேறு முறைமைகளிலிருந்து வருவோருக்கு இது பெருங்குழப்பம். அண்மையில் ஜினோம் தரப்பில் இவ்வசதியை இயல்புநிலையில் நிறுத்திவைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டதும் இக்காரணங்களாலேயே. ஆயினும், புதியவருக்கு அபாயம் என்பதற்காகப் பழகியவரின் கைத்திறனைப் பறிப்பது முறையாகாது என்பதே என் தீர்மானமான கருத்து. முதன்முறை கணினியை இயக்கும்போது, இவ்வசதி வேண்டுமா வேண்டாவா என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வினாவைக் கேட்டுவிடுவதில் என்ன சிரமம்? ஜினோமின் ட்வீக்ஸ் செயலிக்குள் இதற்கென ஒரு பொத்தான் இருக்கத்தான் செய்கிறது. அச்செயலியைத் தேடி நிறுவிக்கொள்ள வேண்டும் என்பதே தட்டெழுத்துக் கடைச் சகோதரி ஒருவருக்குத் தெரியாதபோது, அந்தப் பொத்தானால் பயன் என்ன?

கண்டியை அடுத்துள்ள ஹந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, ஃபெடோராவை ஆதாரமாகக் கொண்டு, ஹந்தான லினக்ஸ் என்னும் முறைமையை இலங்கை ஆர்வலர்களே தொகுத்து வழங்கியிருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின், நிவாரணப் பணிகளை ஒழுங்குபடுத்தும் பொருட்டு இந்நாட்டார் எழுதிய சஹானா மென்பொருள் உலகெங்கும் பிரசித்தி பெற்றது. ஆகவே வெளிநாட்டார் வகுத்துத் தந்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளுவதைத் தவிர நமக்கு வேறு கதியில்லை என்று கருதுவது பொருந்தாது. பாடசாலைகளிலும் கடைகளிலும் லினக்ஸை நிறுவிக்கொடுப்போர், நிறுவியவுடன் பாமினி ஆவணம் ஒன்றைத் திறந்து, யுனிகோடு மாற்றிக்கும் எழுதுசெயலிக்கும் இடையே தெரிவும் ஒட்டலும் பிசகின்றி நடைபெறுகின்றனவா என்று சோதித்துப் பார்த்த பின்னரே கணினியை ஒப்படைக்க வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜினோம், கேடிஈ இரண்டுமே பயனர்களின் முறைப்பாடுகளைப் பகிரங்கமாகப் பெற்று, பகிரங்கமாகவே விவாதிக்கும் ஸ்தாபனங்கள். எந்தப் பதிப்பில், எந்த இரு செயலிகளுக்கிடையில், எந்த எழுத்துருவில் ஒட்டல் தவறுகிறது என்று ஒழுங்காக எழுதி அனுப்பினால் அதைப் படிப்பதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நகரத்துத் தட்டெழுத்துக் கடை ஒன்றில் ஒரு பிற்பகல் அமர்ந்து, அங்கே காணும் பிசகுகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை அவ்வாறே எழுதி அனுப்புங்கள்.